அகராதி கண்ட ஜான்சன்

இந்திய நகரங்களில் பள்ளிக்கூடம் உள்ள தெருவில் குறிப்பேடும் பேனாவும் விற்கும் கடை ஒன்றேனும் இருக்கும். அக்கடையின் பெயர்ப்பலகையில் ‘ஸ்டேஷனரி’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் காணலாம். அச்சொல்லின் இறுதிப் பகுதியில் ‘இ’ என்னும் ஆங்கில எழுத்து வருதல் வேண்டும். பல பலகைகளில் அவ்விடத்தில் ‘ஏ’ வந்து அமர்ந்திருக்கும். ‘இ’ வந்தால் எழுதுபொருள் என்று பொருள். ‘ஏ’ வந்தால் நகராமல் நிற்பது என்று பொருள். கடை ஓடிப் போகாது என்று வணிகர் உறுதியளிப்பது போலப் பலகை அமைந்துவிடுகிறது.

இவ்விரு சொற்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. இடைக்கால ஐரோப்பாவில் வணிகர் பலர் பொருள்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்து விற்றனர். புத்தக வணிகரோ பல்கலைக்கழகங்களை அடுத்து ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்திருந்தனர். ஆதலால் நிலையாக நிற்பவர் என்னும் பொருளில் அவர்களுக்கு ‘ஸ்டேஷனர்’ என்னும் பெயர் ஏற்பட்டது. அவர்கள் விற்ற பொருள்களின் பெயர் ‘இ’ எழுத்தோடும், நிலையாக நிற்றலைக் குறிக்கும் சொல் ‘ஏ’ எழுத்தோடும் பின்னாளில் பிரிந்து நின்றன. பிரிவினை நடந்து நெடுங்காலம் ஆகியும் பெயர்ப்பலகைகளில் அவை இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

அத்தகைய புத்தக வணிகர் ஒருவரின் வீட்டில்தான், ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளுக்கு வரம்பிட முயன்ற சாமுவேல் ஜான்சன் பிறந்தார். அவர் பிறந்த ஊர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள லிச்ஃபீல்டு. பிறந்த ஆண்டு 1709. தந்தையார் மைக்கேல் ஜான்சன் வீட்டின் கீழ்த்தளத்தில் புத்தகக் கடை நடத்தினார். மேலே குடும்பம் வாழ்ந்தது. கடையில் நூல்கள் மிகுதி, வருவாய் குறைவு.

குழந்தை நோயுடன் வளர்ந்தது. கழுத்துச் சுரப்பிகளில் கட்டிகளை உண்டாக்கும் நோய் ஒன்று பால்பருவத்திலேயே அதனைப் பற்றியது. முகத்திலும் கழுத்திலும் வடுக்கள் விழுந்தன, இடக்கண்ணின் பார்வை பெரும்பாலும் அழிந்தது, செவியும் மந்தமாயிற்று. அரசரோ அரசியோ தொட்டால் அந்நோய் நீங்கும் என்று அக்காலத்து மக்கள் நம்பினர். ஆகவே 1712 ஆம் ஆண்டில் தாயார் சாரா, இரண்டரை வயதுச் சிறுவனை இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். ஆன் அரசியார் குழந்தையைத் தொட்டுப் பொற்காசு ஒன்றை அணிவித்தார். நோய் தீரவில்லை. ஆயினும் அக்காசை ஜான்சன் தம் வாழ்நாள் முழுவதும் கழுத்தில் அணிந்திருந்தார்.

ஒரு கண் மங்கியிருந்தாலும் மற்றக் கண் கடையிலிருந்த நூல்களை ஒன்றுவிடாமல் மேய்ந்தது. பள்ளியில் அவருக்கு நிகரான மாணவர் இல்லை. 1728 இல் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருடைய அறிவைக் கண்டு வியந்தவர்கள் அவருடைய காலணியையும் கண்டனர். அது கிழிந்து, விரல்கள் வெளியே தெரிந்தன. இரக்கம் கொண்ட ஒருவர் புதிய காலணிகளை அவருடைய அறை வாயிலில் வைத்துச் சென்றார். காலையில் அவற்றைக் கண்ட ஜான்சன் சினந்து தூக்கி எறிந்தார். வறுமை அவருக்குப் பழக்கமாகியிருந்தது. பிறர் இரங்குவதை அவரால் பொறுக்க முடியவில்லை. பதின்மூன்று மாதங்களுக்குப் பிறகு பணமின்மையால் பட்டம் பெறாமலேயே ஊர் திரும்பினார்.

அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அவர் மனத்தை விட்டு நீங்கவே இல்லை. மைக்கேல் ஜான்சன் சந்தை நாள்களில் உட்டாக்சிட்டர் என்னும் பக்கத்து ஊருக்குச் சென்று புத்தகக் கடை விரிப்பது வழக்கம். ஒருநாள் உடல்நலம் குன்றியிருந்த அவர், தமக்கு மாற்றாகச் சென்று கடையைப் பார்த்துக்கொள்ளுமாறு மகனிடம் வேண்டினார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த தாம் சந்தையில் நின்று புத்தகம் விற்பதா என்னும் செருக்கு மகனுக்கு. அவர் மறுத்துவிட்டார். நோயுற்ற தந்தையே சென்றார். 1731 டிசம்பரில் தந்தையார் இறந்தார்.

அதன்பின் ஜான்சன் ஆசிரியர் பணி தேடி அலைந்தார். அவருடைய தலையும் கைகளும் அவரையறியாமல் வெட்டி வெட்டி அசையும், முகமும் கோணும். மாணவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள், அல்லது தாமும் அவ்வாறு செய்யப் பழகுவார்கள் என்று அஞ்சி ஒரு பள்ளியார் அவருக்கு வேலை கொடுக்க மறுத்தனர். 1735 இல் தம்மைவிட இருபது ஆண்டு மூத்தவரான எலிசபெத் போர்ட்டர் என்னும் கைம்பெண்ணை மணந்தார். மனைவியின் பணத்தைக் கொண்டு ஈடியல் என்னும் சிற்றூரில் தாமே ஒரு பள்ளி தொடங்கினார். சேர்ந்த மாணவர் மிகச் சிலர். பள்ளி நிலைக்கவில்லை. 1737 இல் அம்மாணவருள் ஒருவரோடு பிழைப்புத் தேடி இலண்டனுக்குப் புறப்பட்டார். உடன் சென்ற மாணவர் டேவிட் காரிக். பின்னாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த நடிகராக விளங்கியவர் அவரே. மாணவருக்குப் புகழ் விரைவில் வந்தது. ஆசிரியரோ இதழ்களுக்குக் கட்டுரையும் மொழிபெயர்ப்பும் எழுதி நாள்களை ஓட்டினார்.

அக்காலத்து ஆங்கில எழுத்துமுறையின் நிலையை இங்கு அறிதல் வேண்டும். ஆங்கிலச் சொற்களை ஒலிப்பது ஒருவிதம், எழுதுவது ஒருவிதம் என்று இன்றைய மாணவர் வருந்துவதற்குக் காரணங்கள் உண்டு. வீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்னும் சொல்லின் முதலில் நிற்கும் ‘கே’ எழுத்தும், இடையில் நிற்கும் ‘ஜி’, ‘எச்’ எழுத்துகளும் வீணாகச் சேர்க்கப்பட்டவை அல்ல. முற்காலத்தில் அவை யாவும் ஒலிக்கப்பட்டன. 1476 இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவினார். அச்சேறிய எழுத்துகள் நாளடைவில் நிலைபெறத் தொடங்கின. மக்களின் நாவோ அசைந்துகொண்டே இருந்தது. ஒலி போய்விட்டது, எழுத்து நின்றுவிட்டது. வேறு சில எழுத்துகள் கற்றவர்களின் பிழையால் நுழைந்தவை. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ என்னும் சொல்லில் ‘எஸ்’ எழுத்துக்கு வேலையே இல்லை. இலத்தீன் மொழியில் தீவைக் குறிக்கும் சொல்லில் ‘எஸ்’ இருப்பதால், ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்து பிறந்தது என்று தவறாகக் கருதி அறிஞர்கள் அதனை நடுவே செருகினர். அச்சொல்லுக்கும் இலத்தீனுக்கும் உறவே கிடையாது. கல்லாதார் செய்யும் எழுத்துப்பிழை ஆசிரியரின் சிவப்பு மையோடு போய்விடும். கற்றார் செய்த பிழை அச்சேறிவிட்டால் அதனை நீக்குவது எளிதன்று.

மேலும், ஒரே சொல்லை ஒருவரே பலவாறு எழுதுவது அக்காலத்தில் இயல்பாக இருந்தது. நாடகப் பேராசிரியர் ஷேக்ஸ்பியரின் கையொப்பங்கள் ஆறு இன்று கிடைத்துள்ளன. அவற்றில் அவர் தம் பெயரைக்கூட ஒரே முறையில் எழுதவில்லை. ஜான்சனின் காலத்தில் இந்த நிலை மாறிக்கொண்டிருந்தது. பிழையின்றி எழுதுவது நாகரிகத்தின் அடையாளம், பிழைபட எழுதுவது இழிவு என்னும் எண்ணம் உயர்குடியினரிடையே பரவியது. செஸ்டர்ஃபீல்டு பிரபு என்னும் செல்வர் தம் மகனுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், எழுத்துப்பிழை ஒன்றே ஒருவரை வாழ்நாள் முழுவதும் நகைப்புக்கு ஆளாக்கிவிடும் என்று எச்சரித்தார். நன்மை தருவது எனப் பொருள்படும் ‘ஹோல்சம்’ என்னும் சொல்லை ‘டபிள்யூ’ எழுத்தில்லாமல் எழுதிவிட்ட பெருங்குடியினர் ஒருவர், அந்த இகழ்ச்சியிலிருந்து மீளவே இல்லை என்றும் அதில் குறிப்பிட்டார். அச்சொல்லில் ‘டபிள்யூ’ ஒலிப்பதே இல்லை. ஒலிக்காத ஓர் எழுத்துக்காக ஒருவர் மானம் போயிற்று.

எனினும் எது சரி, எது பிழை என்று முடிவு கூறுவதற்குத் தக்க நூல் இல்லை. அகராதிகள் இருந்தன. 1604 இல் ராபர்ட் கௌட்ரி கடினச் சொற்களைத் திரட்டி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன்பின் வேறு சிலவும் வந்தன. நேதன் பெய்லியின் அகராதி மக்களிடையே பெரிதும் வழங்கியது. ஆனால் நல்லாசிரியர்களின் நூல்களிலிருந்து சான்று காட்டி, இச்சொல் இவ்வாறு வழங்கியது என்று நிறுவும் பேரகராதி ஆங்கிலத்தில் அமையவில்லை. பிரான்சு நாட்டில் மொழிக்கழகம் ஒன்று தன் மொழிக்குப் பேரகராதி செய்து முடித்திருந்தது. அது இங்கிலாந்தின் புத்தக வெளியீட்டாளர்களுக்குப் பெருங்குறையாகத் தோன்றியது.

அவர்கள் ஒன்றுகூடி ஜான்சனை நாடினர். 1746 ஜூன் மாதத்தில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஊதியம் 1,500 கினி. உதவியாளர் கூலி, தாள், மை அனைத்தும் அத்தொகையிலிருந்தே கொடுக்கப்பட வேண்டும். ஜான்சனுக்கு அப்போது வயது 36, பட்டம் இல்லை. மூன்று ஆண்டுகளில் முடித்துவிடுவதாக அவர் கூறினார். பிரெஞ்சுக் கழகத்தின் நாற்பது அறிஞர்களுக்கு நாற்பது ஆண்டுகள் ஆயிற்றே என்று நண்பர் ஒருவர் நினைவூட்டியபோது, ஜான்சன் நாற்பதை நாற்பதால் பெருக்கி, ஆயிரத்து அறுநூறுக்கு மூன்று என்பதே ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் உள்ள விகிதம் என்று வேடிக்கையாகக் கணக்குப் போட்டார். கணக்குப் பொய்த்தது. மூன்று ஆண்டுகள் ஒன்பது ஆயின.

இலண்டனில் கௌ சதுக்கம் என்னும் இடத்தில் 17 ஆம் எண் வீட்டை அவர் வாடகைக்கு எடுத்தார். அதன் மேல்மாடி அறையே பணியிடம். ஆறு எழுத்தர்கள் அங்கே வேலை செய்தனர். அவர்களுள் ஐவர் ஸ்காட்லாந்துக்காரர். ஜான்சன் அமர்ந்த நாற்காலிக்கு மூன்று காலும் ஒரு கையும்தான் இருந்தன. அதனைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, விழாமல் அமரும் திறம் அவருக்கு வாய்த்திருந்தது.

அவருடைய பணிமுறை எளியது. ஆனால் கண்ணைப் பறிக்கும் உழைப்பைக் கேட்பது. சிறந்த ஆசிரியர்களின் நூல்களை எடுத்துப் படிப்பார். சான்றாகத் தக்க சொல் வந்ததும் கருப்புப் பென்சிலால் அதன் கீழ்க் கோடிட்டு, அச்சொல்லின் முதலெழுத்தை ஓரத்தில் எழுதுவார். எழுத்தர்கள் அந்தத் தொடரைத் தனித்தாளில் படியெடுப்பர். பின்னர்த் தாள்கள் அகரவரிசையில் அடுக்கப்படும். ஒரு சொல்லுக்குரிய சான்றுகளை எல்லாம் ஒன்றாகப் பார்த்த பிறகே அதன் பொருள்களை ஜான்சன் வகுப்பார். அறிஞர் தம் மனத்தில் தோன்றிய பொருளை எழுதிவிட்டுப் பின் சான்று தேடுவது பழைய வழக்கம். இவர் மக்கள் எழுதியதைக் கண்டு அதிலிருந்து பொருளை எடுத்தார். ‘எடு’ என்று பொருள்படும் ‘டேக்’ போன்ற எளிய சொல்லே அவரை மிகவும் வருத்தியது. கடினச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பொருள்தான். எளிய சொல்லுக்கோ எண்ணற்ற பொருள்கள். நண்பர்களிடம் இரவல் வாங்கிய நூல்களும் பென்சில் கோடுகள் நிறைந்து திரும்பின. சில நூல்கள் மீண்டும் படிக்கத் தகாத நிலையில் திரும்பியதால் நண்பர்கள் மனம் வருந்தினர்.

எழுத்துமுறையைப் பற்றி அவர் எடுத்த முடிவு கவனிக்கத் தக்கது. ஒலிப்பது போலவே எழுதிவிட வேண்டும் என்று சிலர் அக்காலத்தில் வாதிட்டனர். ஜான்சன் அதற்கு இணங்கவில்லை. ஒலி ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாறுவதைப் பார்த்து எழுதினால் எழுத்தும் நிலைகொள்ளாது என்பது அவர் கருத்து. சொல்லின் பிறப்பைப் பார்த்து எழுத்தை முடிவு செய்ய விரும்பினார். ஆனால் பெரும்பான்மையோர் ஒருமுறையில் எழுதிப் பழகிவிட்டால், அது ஒழுங்கற்றதாயினும் அதனை மாற்ற அவர் துணியவில்லை. வஞ்சகத்தைக் குறிக்கும் ‘டிசீட்’, பற்றுச்சீட்டைக் குறிக்கும் ‘ரிசீட்’ ஆகிய இரண்டும் ஒரே வகையான இலத்தீன் சொற்களிலிருந்து வந்தவை, ஓசையும் ஒன்றே. ஆயினும் ‘பேப்பர்’ என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய ‘பி’ பின்னதில் உண்டு, முன்னதில் இல்லை. இது முரண் என்று ஜான்சன் அறிவார். அறிந்தே, நாட்டின் வழக்கம் அதுவென்று இரண்டையும் அப்படியே பதிவு செய்தார். இன்று ஆங்கில வகுப்பில் ‘ரிசீட்’ எழுதும்போது அந்த ஊமை எழுத்தை விட்டுவிட்டு மதிப்பெண் இழக்கும் மாணவர் பலர். பிழை முழுவதும் அவர்களுடையது என்று கூற இயலாது.

பணி நடுவில் 1752 மார்ச் மாதத்தில் மனைவி இறந்தார். துயரம் ஜான்சனை முடக்கியது. சில நாள்களில், ஜமைக்காத் தீவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பார்பர் என்னும் கருப்பினச் சிறுவன் அவர் வீட்டில் வந்து தங்கினான். அவனை ஜான்சன் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். மகன் போலவே நடத்தினார். வெறிச்சோடிய வீட்டில் மீண்டும் பணி நடந்தது.

அகராதித் திட்டத்தை 1747 இல் வெளியிட்டபோது, ஜான்சன் அதனைச் செஸ்டர்ஃபீல்டு பிரபுவுக்கு முன்னிலைப்படுத்தி எழுதியிருந்தார். ‘டபிள்யூ’ எழுத்தைப் பற்றி மகனை எச்சரித்தாரே, அதே பிரபுதான். எழுத்துப்பிழையை அவ்வளவு வெறுத்தவர் இப்பணிக்குத் தோள் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அவர் பத்துப் பவுன் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார். உதவி நாடிச் சென்ற ஜான்சன் வெளி அறையில் காத்திருந்து வறிதே திரும்பினார். ஏழாண்டுகள் கழிந்து நூல் முடியும் தறுவாயில், பிரபு இதழ் ஒன்றில் அகராதியைப் புகழ்ந்து இரு கட்டுரைகள் எழுதினார். 1755 பிப்ரவரி 7 ஆம் நாள் ஜான்சன் அவருக்கு ஒரு கடிதம் விடுத்தார். நீரில் தத்தளித்தபோது பாராமல் நின்று, கரையேறிய பின் கைகொடுக்க வருபவர் புரவலர் ஆவாரோ என்னும் கருத்தமைந்த அக்கடிதத்தில் கடுஞ்சொல் ஒன்றேனும் இல்லை, பணிவும் இல்லை. செல்வரின் தயவில் எழுத்தாளர் வாழ்ந்த காலம் முடிந்துகொண்டிருந்ததற்கு அது ஓர் அடையாளமாயிற்று. பிரபுவோ அதனை ஒளிக்காமல் மேசை மேல் வைத்து, வருவோருக்கு எல்லாம் படித்துக் காட்டி அதன் நடையைப் பாராட்டினார்.

1755 ஏப்ரல் 15 ஆம் நாள் அகராதி இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 42,773 சொற்களும், ஏறத்தாழ 1,14,000 மேற்கோள்களும் இடம் பெற்றன. விலை நான்கு பவுன் பத்து ஷில்லிங். எளியோர் வாங்க இயலாத விலை. பட்டமின்றி வெளியேறியவருக்கு ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகம், அகராதியின் முதற்பக்கத்தில் அச்சிடுவதற்கு உதவும் வகையில், முன்கூட்டியே முதுகலைப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

அந்த நூலில் நகைச்சுவைக்குக் குறைவில்லை. ஓட்ஸ் என்னும் தானியத்தை விளக்கும்போது, இங்கிலாந்தில் குதிரைக்கு இடப்படுவதாகவும் ஸ்காட்லாந்தில் மக்களுக்கு உணவாவதாகவும் எழுதினார். ஐந்து ஸ்காட்லாந்துக்காரர்கள் பக்கத்தில் அமர்ந்து அதனைப் படியெடுத்திருக்க வேண்டும். அகராதி ஆசிரியர் என்னும் சொல்லுக்கு, யாருக்கும் தீங்கிழைக்காத வீண்பாடு படுபவர் என்னும் கருத்தில் பொருள் தந்து தம்மையும் விட்டுவைக்கவில்லை.

பிழைகளுக்கும் குறைவில்லை. குதிரையின் காலில் குளம்புக்குச் சற்று மேலே உள்ள பகுதி ‘பாஸ்டர்ன்’ எனப்படும். ஜான்சன் அதனைக் குதிரையின் முழங்கால் என்று எழுதிவிட்டார். கப்பலோட்டிகள் வழங்கும் இரு சொற்கள் உண்டு: ‘விண்ட்வர்டு’ என்பது காற்று வருகின்ற திசை, ‘லீவர்டு’ என்பது காற்று செல்கின்ற திசை. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இவ்விரண்டுக்கும் அவர் ஒரே பொருளைத் தந்தார். தமிழில் இரும்பைத் தேய்க்கும் அரத்தையும் நன்னெறியாகிய அறத்தையும் ஒரே எழுத்தால் எழுதுவோர் செய்யும் மயக்கத்தைவிட இது பெரிது. அதன்படி கப்பலோட்டினால் பாறையில் மோத வேண்டியதுதான். வலியைக் குறிக்கும் ‘ஏக்’ என்னும் சொல்லின் கதையோ வேறு. முன்பு வினைச்சொல்லாக வரும்போது அதனைக் ‘கே’ எழுத்திட்டு, ஒலிப்பது போலவே எழுதுவது வழக்கம். அது கிரேக்க மொழியிலிருந்து வந்ததாக ஜான்சன் கருதி, ‘சி’, ‘எச்’ எழுத்துகளை உடைய வடிவத்துக்கு ஆதரவளித்தார். கிரேக்கத்தோடு அதற்கு உறவில்லை. ஆயினும் அவர் காட்டிய வடிவமே நிலைத்தது. தலைவலி, பல்வலி, வயிற்றுவலி என்று ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுதும் மாணவர் அனைவரும் அப்பிழையைப் பிழையின்றி எழுத வேண்டியவர்களாகின்றனர்.

குதிரையின் முழங்காலைப் பற்றி ஒரு பெண்மணி அவரிடமே கேட்டார். சூழ இருந்தோர் ஏதேனும் நுட்பமான விளக்கம் வரும் என்று எதிர்பார்த்தனர். வாதத்தில் எவரையும் வீழ்த்தவல்லவர் ஜான்சன். நாவன்மையால் அப்பிழையையே சரியென்று நாட்டியிருக்கக் கூடும். அவர் அவ்வாறு செய்யவில்லை. தமது அறியாமையே காரணம் என்று ஒரே சொல்லில் கூறி முடித்தார். மொழிக்கு வேலி போட்டு மாறாமல் காக்கலாம் என்று எண்ணியே பணி தொடங்கியதாகவும், அது ஆகாத செயல் என்பதை உழைத்தே அறிந்ததாகவும் அகராதியின் முன்னுரையிலும் ஒப்புக்கொண்டிருந்தார். இத்தகைய நூலில் பிழைகள் இருக்கவே செய்யும் என்பதையும் அங்கே மறைக்கவில்லை.

புகழ் வந்தும் பணம் வரவில்லை. ஒப்பந்தத் தொகை பணி முடியுமுன்னரே செலவழிந்துவிட்டது. 1756 இல் ஆறு பவுனுக்கும் குறைவான கடனுக்காக அவர் கைதானார். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார். 1759 இல் தாயார் இறந்தபோது, ஈமச் செலவுக்காக ‘ராசெலஸ்’ என்னும் கதையை ஒரு வாரத்து மாலைப் பொழுதுகளில் எழுதிக் கொடுத்தார். 1762 இல்தான் அரசர் ஆண்டுக்கு 300 பவுன் உதவிப்பணம் அளித்தார். அதனை ஏற்பதில் ஒரு சங்கடம் இருந்தது. உதவிப்பணம் என்பதற்குரிய ‘பென்ஷன்’ என்னும் சொல்லை, நாட்டைக் காட்டிக்கொடுக்க அரசின் கூலியாளுக்குத் தரப்படும் கையூட்டு என்னும் கருத்தில் தம் அகராதியிலேயே அவர் விளக்கியிருந்தார். நண்பர்களைக் கலந்து, இனிச் செய்யப்போவதற்கு அன்று, செய்து முடித்ததற்கே அது தரப்படுகிறது என்று அமைச்சர் உறுதி கூறிய பின்னரே பெற்றுக்கொண்டார். எதிரிகள் அகராதியைத் திறந்து அப்பக்கத்தைக் காட்டிச் சிரித்தனர்.

வறுமை நீங்கிய பின் அவருடைய இல்லம் ஆதரவற்றோரின் புகலிடமாயிற்று. கண்பார்வையற்ற பெண் புலவர் ஒருவரும், ஏழைகளுக்கு வைத்தியம் செய்த மருத்துவர் ஒருவரும், பிரான்சிஸ் பார்பரும் அங்கே வாழ்ந்தனர். 1763 இல் அறிமுகமான ஜேம்ஸ் பாஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர் அவர் பேச்சையெல்லாம் குறித்து வைத்துப் பின்னர்ப் பெரியதொரு வாழ்க்கை வரலாறு எழுதினார். ஜான்சனின் குற்றங்குறைகளும் உலகுக்குத் தெரிந்திருப்பது அதனால்தான்.

முதுமையில் ஒருநாள் அவர் வண்டியேறி உட்டாக்சிட்டருக்குச் சென்றார். தந்தையாருக்கு உதவ மறுத்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. சந்தை கூடும் இடத்தில் முன்பு தந்தையாரின் கடை விரிந்திருந்த இடத்தைத் தேடிச் சென்று நின்றார். மழை பெய்துகொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெறுந்தலையுடன் நெடுநேரம் அங்கேயே நின்றார். சந்தைக்கு வந்தோர் பார்த்துக் கடந்தனர். இங்கிலாந்தின் பேரறிஞர் அவர் என்பதை அறிந்தோர் அங்கிருந்தனரோ, இல்லையோ! ஊர் திரும்பிய பின், தாம் செய்த பிழைக்கு அதுவே கழுவாய் என்று தெரிந்தவர்களிடம் கூறினார்.

1784 டிசம்பர் 13 ஆம் நாள் ஜான்சன் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில், மாணவராக இருந்து நண்பரான காரிக்கின் அருகே, அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. தம் உடைமையின் பெரும்பகுதியைப் பிரான்சிஸ் பார்பருக்கே எழுதி வைத்திருந்தார்.

அகராதி கடல் கடந்தது. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் என்பவர் அதனை எதிர்த்தே தம் அகராதியை 1828 இல் வெளியிட்டார். இசையைக் குறிக்கும் ‘மியூசிக்’ என்னும் சொல்லின் இறுதியில் ஜான்சன் வைத்திருந்த ‘கே’ எழுத்தை அவர் நீக்கினார். அதனை இங்கிலாந்தும் நீக்கிவிட்டது. நிறத்தைக் குறிக்கும் ‘கலர்’ என்னும் சொல்லின் ‘யு’ எழுத்தையும் நீக்கினார். அதற்கு இங்கிலாந்து இணங்கவில்லை, இந்தியாவும் இணங்கவில்லை. இந்தியப் பள்ளியில் ‘யு’ சேர்த்துக் கற்ற மாணவர் கணினியில் அச்சொல்லை எழுதும்போது சில நேரம் அதன் கீழ்ச் சிவப்புக் கோடு விழுகிறது. அக்கணினி வெப்ஸ்டர் பக்கம் நிற்கிறது என்று பொருள்.

ஜான்சனின் பிழை ஒன்று இந்தியாவில் வேலை பார்த்து வருகிறது. அனுப்புதலைக் குறிக்கும் ‘டிஸ்பாட்ச்’ என்னும் சொல்லின் இரண்டாம் எழுத்து நெடுங்காலமாக ‘ஐ’ ஆகவே இருந்தது. ஜான்சன் தம் கையால் எழுதும்போதும் அவ்வாறே எழுதினார். அவர் காட்டிய மேற்கோள்களிலும் அவ்வாறே இருந்தது. ஆனால் அகராதியில் அச்சொல் எப்படியோ ‘இ’ எழுத்தின் வரிசையில் இடம் மாறிப் பதிவாகிவிட்டது. அதனைப் பார்த்துப் பலர் ‘இ’ இட்டு எழுதத் தொடங்கினர். இன்று தில்லியிலும் பிற நகரங்களிலும் உள்ள அரசு அலுவலகங்களில், கடிதங்களைப் பெற்று எண்ணிட்டு அனுப்பும் பிரிவின் கதவில் அச்சொல் ‘இ’ எழுத்தோடு பலகையாகத் தொங்குகிறது.